மகளின் வாசிப்பும் என் பழைய பயமும்

மகளுக்கு வாசிப்பு ஏன் வரவில்லை என்று பார்த்த மதிப்பீடு முடிகிற நேரத்தில் உளவியலாளர் ஒரு கேள்வி கேட்டார். “குடும்பத்துல வேற யாருக்காவது சின்ன வயசுல வாசிக்க, எழுத சிரமம் இருந்ததா?”

“இல்லைங்க” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்த என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதம், படிவம் எல்லாவற்றையும் அவள்தான் படிக்கிறாள். “நீயே பாத்துச் சொல்லு” என்று நீட்டிவிடுவேன். ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த “இல்லைங்க” எங்கள் வீட்டில் என்ன சேதம் செய்தது என்று எனக்குப் புரிய ஒன்றரை வருடம் ஆனது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பது என்று சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மகளுக்கு அப்போது 8 வயது, மூன்றாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுவாள். ஒரு கதையை ஒருமுறை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் குரல் உள்ளே போய்விடும். “கொடி” என்ற சொல்லில் அவள் விரல் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, ஆனால் வாயில் முதலில் வர வேண்டியது ‘க்’. கடைசியில் ஒரு துணைக்கால் வேறு. மூன்றையும் சேர்த்துப் பிடித்தால்தான் ‘கொ’. அவள் “கெ…” என்று தொடங்குவாள், கால் கண்ணில் பட்டதும் “கா…” என்பாள், ‘டி’க்கு வருவதற்குள் முதல் எழுத்து கைநழுவியிருக்கும். அடுத்த வரியில் அதே “கொடி” மறுபடி வரும். முன்பின் பார்த்திராத சொல்லைப்போல் முதலிலிருந்து தொடங்குவாள். இப்போதுதானே படித்தாய் என்று யாருக்கும் வாயில் வந்துவிடும். எனக்குத் தினமும் வந்தது.

வகுப்பில் அவள் யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளை. அதனாலேயே இரண்டு வருடம் யாரும் கவனிக்கவில்லை. வாசிக்க வராத பையன் சத்தம் போட்டால் ஆசிரியர் திரும்பிப் பார்ப்பார். பக்கத்துப் பிள்ளையின் உதட்டைப் பார்த்துக்கொண்டே வாயசைக்கும் அமைதியான பெண் தப்பிவிடுவாள். மதிப்பீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளில் பையன்கள் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

ரிப்போர்ட்டில் வாசிப்பு, எழுத்து இரண்டிலும் கற்றல் குறைபாடு என்று இருந்தது. பேச்சுவழக்கில் டிஸ்லெக்ஸியா. அறிவுத்திறனில் ஒரு குறையும் இல்லை. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதும், அவற்றை எழுத்தோடு இணைப்பதும்தான் அவளுக்குக் கடினம். பல நாடுகளில் மனநல மருத்துவர்கள் குறைபாடுகளைக் கண்டறியப் பயன்படுத்தும் டி.எஸ்.எம் கையேட்டின் 2013 பதிப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ இப்படி ஒரு குறைபாடு இருக்கிறது என்கிறது. 40 பேர் உள்ள வகுப்பில் குறைந்தது இரண்டு பேர். நான் படித்த வகுப்பிலும் இருந்திருப்பார்கள்.

பெயர் தெரிந்த அன்று இரவு நாங்கள் இருவரும் நிம்மதியாகத் தூங்கினோம். சோம்பேறி இல்லை, திமிர் இல்லை, எங்கள் வளர்ப்பும் காரணம் இல்லை. அந்த நிம்மதி நான்கைந்து நாள் இருந்தது. அப்புறம் துக்கம் வந்தது.

இந்தத் துக்கத்தை யாரிடமும் சொல்ல முடியாது. பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள், ஓடுகிறாள், சிரிக்கிறாள், இதற்கு என்ன அழுகை என்பார்கள். சைமன் ஓல்ஷான்ஸ்கி என்ற அமெரிக்கர் 1962-இல், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றி எழுதும்போது ‘நாள்பட்ட துயரம்’ என்று ஒன்றைச் சொன்னார். அது ஒருமுறை அழுது தீர்கிற விஷயம் இல்லை, வாழ்நாள் முழுக்க விட்டு விட்டு வரும், அது இயல்பானது, அதை நோயாகப் பார்க்கக் கூடாது என்றார். அந்தக் குடும்பங்களின் சுமையோடு எங்களுடையதை ஒப்பிட மாட்டேன். ஆனால் துயரம் வருகிற விதம் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. புது வகுப்பு தொடங்கும்போது வரும். வகுப்புத் தோழி தடிமனான கதைப்புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தால் வரும். “இன்னும் சரியாகலையா” என்று யாராவது கேட்டால் வரும். வரும்போது, இது அந்த அலைதான், போய்விடும் என்று தெரிந்திருப்பதே பெரிய உதவி. முன்பெல்லாம் ஒவ்வொரு முறையும், இன்னும் மனது பக்குவப்படவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

என் கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாள் பத்துச் சொற்கள் சொல்லி எழுத வைத்தேன். “பள்ளி” என்றால் “பளி” என்று எழுதினாள். புள்ளி வைத்த எழுத்தெல்லாம் அவள் காதில் விழுவதே இல்லை. ஏழாவது தடவையும் “பளி” என்று வந்தபோது நோட்டைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். அவள் அழவில்லை. எழுந்துபோய் நோட்டை எடுத்து, மடங்கிய மூலையை விரலால் நீவி நேராக்கி, திரும்ப என் முன்னால் வைத்தாள். “சாரிப்பா, இன்னொரு தடவை எழுதுறேன்” என்றாள்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்த நீவுதல் எனக்குத் தெரியும். அது என் கை. மூன்றாம் வகுப்பில் நான் வாசிக்க முடியாமல் நின்றபோது ஆசிரியர் புத்தகத்தை வாங்கி வீசுவார். நான் போய் எடுத்து மூலையை நீவுவேன். முப்பது வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்று என் மகளின் விரலில் இருந்தது. என் கோபம் அவள்மேல் இல்லை, அந்தப் பையன்மேல். அவனை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்தேன். இவள் தினமும் மாலை வந்து அந்தக் கதவைத் திறக்கிறாள்.

அன்று புரிந்தது, ஆனால் சரியான காரியத்தைச் செய்யவில்லை. அதற்குப்பின் வேலையிலிருந்து தாமதமாக வரத் தொடங்கினேன். நிஜமாகவே வேலை இருந்த நாட்களும் உண்டு. இல்லாத நாட்களில் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன், வீட்டுப்பாடம் முடிந்திருக்கும் என்று தோன்றும் வரை. என் மனைவி தனியாகச் சுமந்தாள். பகலில் அலுவலகம், மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை மகளோடு மல்லுக்கட்டு, வாரத்தில் இரண்டு நாள் சிறப்பாசிரியரிடம் அழைத்துப் போவது, பள்ளியோடு பேசுவது, நடுவில் சின்னவன்.

ஒரு இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: “அவளப் பாத்தா பாசம் வரமாட்டேங்குது. பாடம்தான் ஞாபகம் வருது. நான் என்ன அம்மா?”

எனக்குப் பயமாக இருந்தது. இதற்கும் ஒரு பெயர் இருக்கிறது என்று பிறகு அவளுடைய மருத்துவர் சொன்னார். பெல்ஜியத்தில் இசபெல் ரோஸ்கம், மொய்ரா மிகொலாய்சாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ‘பெற்றோர் சோர்வு’ என்பதைப் பல வருடங்களாக ஆராய்கிறார்கள். தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு, பிள்ளையிடமிருந்து மனது விலகிப்போவது, பெற்றோராக இருப்பதில் சந்தோஷமே இல்லாமல் போவது, நான் முன்பு இப்படி இல்லையே என்ற உறுத்தல். இந்த நான்கும்தான் அதன் அடையாளங்கள். பாசம் வற்றியதால் இப்படி ஆவதில்லை. சுமை நீண்ட காலம் கூடிக்கொண்டே போய், தாங்குவதற்கு வேண்டியவை குறைந்துகொண்டே வந்தால் இப்படித்தான் ஆகும் என்கிறார்கள். தாங்குவதற்கு வேண்டியவற்றில் முதலாவது நான். நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்குத் தூக்கம் போய், எதிலும் மனது ஒட்டாமல் மூன்று வாரம் ஆகியிருந்தது. பொதுவாக இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டே கிடந்தால், மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது. பிள்ளையைக் காயப்படுத்திவிடுவேனோ, நானே இல்லாமல் போனால் என்ன என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றே போக வேண்டும். பிள்ளைக்கு ரிப்போர்ட் வாங்க மூன்று இடம் ஏறி இறங்கிய நாங்கள், அவளுக்காக ஒரு டாக்டரிடம் போக அவ்வளவு தயங்கினோம்.

மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அவள் இன்னொன்றும் சொன்னாள். மகள் வயிற்றில் இருந்தபோது ஒரு காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டதாகவும், பிறந்து ஆறாவது மாதத்தில் வேலைக்குத் திரும்பியதாகவும், இந்த இரண்டில் ஏதோ ஒன்றுதான் மகளை இப்படி ஆக்கிவிட்டது என்று முதல் நாளிலிருந்தே நம்பிக்கொண்டிருப்பதாகவும். ஒன்றரை வருடம், ஒவ்வொரு இரவும்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். “அன்னைக்கு அந்த மேடம் கேட்டாங்கல்ல, குடும்பத்துல வேற யாருக்காவதுன்னு…” என்று தொடங்கினேன். அதற்குமேல் பேச நேரம் பிடித்தது. வாசிக்க நின்ற பெஞ்சு, வீசப்பட்ட புத்தகம், மனப்பாடம் செய்தே ஒப்பேற்றிய பத்தாம் வகுப்பு, அவளிடம் நீட்டிய கடிதங்கள், எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்லெக்ஸியா குடும்பத்தில் வழிவழியாக வருவது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அன்றைக்கு அந்த அறையில் நான் “ஆமாங்க” என்று சொல்லியிருந்தால் அவர் இதை விளக்கியிருப்பார். மனைவி அந்த ஒன்றரை வருடத்தை அப்படிக் கழித்திருக்க மாட்டாள்.

அவள் வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், “எனக்குத் தெரியும்ங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்” என்றாள். கோபமும் இருந்தது, அது தணியச் சில வாரங்கள் ஆயின. அது நியாயமான கோபம்.

நான் இதுவரை மதிப்பீடு செய்துகொள்ளவில்லை, அதனால் எனக்கும் டிஸ்லெக்ஸியா என்று நானே முடிவுகட்ட மாட்டேன். ஆனால் உங்கள் பிள்ளைக்கு ரிப்போர்ட் வந்து, அதைப் படிக்கும்போது உங்கள் சிறுவயது ஞாபகம் வருகிறதென்றால், தயவுசெய்து வாழ்க்கைத் துணையிடம் சொல்லிவிடுங்கள். அந்த வாரமே சொல்லுங்கள்.

அதன்பிறகு செய்த மாற்றங்களில் பலனளித்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட உதவியது, வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையை நாங்கள் கைவிட்டது. கேட்கப் பொறுப்பற்றதாக இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, ஒன்றன்மேல் ஒன்றாக, வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கேட்பது, சொல்வது, விரலால் எழுதிப் பார்ப்பது எல்லாம் சேர்ந்து நடக்க வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் இருக்கிறார். நாள் முழுக்க உழைத்துக் களைத்த அம்மா இரவு எட்டு மணிக்கு அரைகுறையாக அதைச் செய்தால் வாசிப்பும் வளராது, உறவும் கெடும். நாங்கள் செய்வது, அவர் கொடுக்கும் பயிற்சியை 20 நிமிடம் செய்ய வைப்பது மட்டும். டைமர் அடித்ததும் எங்கே இருக்கிறோமோ அங்கேயே மூடிவிடுவோம். முதல் வாரம் மகள் நம்பவில்லை, டைமர் அடித்த பிறகும் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதற்குப் பள்ளி ஒத்துழைக்க வேண்டும். வாய்மொழியாகப் பேசிய எதுவும் நிற்கவில்லை, ஆசிரியர் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. அதனால் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம்: முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம், அறிவியல், சமூகவியல் விடைகளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம், வீட்டுப்பாடத்தில் பாதி போதும், முடிந்தால் வாய்மொழியாக விடை கேளுங்கள். ரிப்போர்ட் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், வாசித்துக் காட்ட ஆள் போன்றவற்றைப் பல நாடுகளில் உரிமையாகவே கேட்கலாம். ஒரு ஆசிரியர் மறுத்தார், இருவர் உடனே ஒத்துக்கொண்டார்கள். மறுத்தவரிடம் சண்டை போடவில்லை, அடுத்த வருடம் மகள் அவர் வகுப்பில் இல்லை. எல்லாச் சண்டையையும் போட்டு முடிக்கும் அளவுக்கு நம்மிடம் தெம்பு கிடையாது.

வேலையைப் பங்கு பிரித்தபோது “நானும் உதவுகிறேன்” என்ற சொல்லை வீட்டில் தடை செய்தோம். உதவி என்றால் பொறுப்பு மனைவியுடையது என்று அர்த்தமாகிவிடும். செவ்வாய், வியாழன், சனி என் நாட்கள். பயிற்சி, பை அடுக்குவது, பள்ளியிலிருந்து வரும் அழைப்பு எல்லாம் என் தலையில். அந்த நாட்களில் அவள் தலையிடக் கூடாது, நான் தவறாகச் செய்தாலும். புதன்கிழமை மாலை அவள் வீட்டிலேயே இருக்க மாட்டாள். முதலில் அந்த இரண்டு மணி நேரமும் போனில் “என்ன ஆச்சு” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்போது நீச்சலுக்குப் போகிறாள்.

அதிசயத் தீர்வுகளைத் தேடி ஓடியது எங்களை மிகவும் களைப்பாக்கியது. வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி, மூளையைத் தட்டி எழுப்பும் உடற்பயிற்சி என்று ஒரு வருடம் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் நம்பிக்கை, பணம், பிறகு ஏமாற்றம். இது கண்ணில் உள்ள பிரச்சினை கிடையாது. வண்ணக் கண்ணாடிக்கும் கண் பயிற்சிக்கும் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இல் கூட்டாகவே அறிவித்திருக்கிறார்கள். இதை முன்பே அறிந்திருந்தால் மகளுக்கும் அத்தனை ஏமாற்றம் இருந்திருக்காது. ஒவ்வொரு முறையும் நாங்கள் எதிர்பார்ப்போடு அவளைப் பார்த்ததை அவளும் கவனித்திருக்கிறாள்.

சின்னவன் விஷயத்தில் தவறு செய்தோம். அவன் ஐந்து வயதிலேயே கண்ணில் படும் பலகையையெல்லாம் சரளமாக வாசித்தான். அக்கா மனது வருந்துமே என்று அவனைப் பாராட்டாமல் பேச்சை மாற்றுவோம். ஒரு நாள் மகளே கேட்டாள்: “அவன் படிக்கிறது நல்லதுதானே? ஏன் நீங்க ரெண்டு பேரும் பயப்படுறீங்க?” அன்றிலிருந்து அவன் படித்தால் கைதட்டுகிறோம், அவளும் சேர்ந்து தட்டுகிறாள். நாங்கள் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவள் குறை அவ்வளவு பயங்கரமானது என்று அவளுக்கே காட்டிக்கொண்டிருந்தோம்.

உறவினர்களுக்கு ஒரே வாக்கியம் வைத்திருக்கிறோம். “அவளுக்கு வாசிப்பு மெதுவாத்தான் வரும், அதுக்குத் தனியா சொல்லிக்கொடுக்கிறாங்க, நல்லா இருக்கா.” அதற்குமேல் யாருக்கும் விளக்கம் இல்லை. முன்பு ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் அரைமணி நேரம் வாதாடிவிட்டு வருவோம்.

ஆனால் முழுவதும் பேச ஒருவராவது வேண்டும். சிறப்பாசிரியரின் வாசலில் காத்திருக்கும்போது இன்னொரு பையனின் அம்மாவோடு என் மனைவிக்குப் பழக்கமாயிற்று. இருவரும் பாதி நேரம் அழுதார்கள், பாதி நேரம் சிரித்தார்கள் என்று சொல்வாள். கற்றல் குறைபாடு என்ற சொல்லே அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில்தான் பரவத் தொடங்கியது. 1963-இல் சிகாகோவில் கூடிய பெற்றோர்களிடையே சாமுவேல் கிர்க் என்ற கல்வியாளர் அந்தச் சொல்லை முன்வைத்தார், அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மனைவி இதைப் படித்துக் காட்டியபோது எனக்கு மனது நிறைந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பெயர் கிடைத்தது, களைத்துப்போன அப்பா அம்மாக்கள் ஒன்றாக உட்கார்ந்ததால்.

மகளிடம் நான் சொன்னது கடைசியாகத்தான். அவளுக்கு அப்போது 10 வயது. “அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சும்மா, இப்பவும் மெதுவாத்தான் வாசிப்பேன்” என்றேன். அவள் நம்பாமல் ஒரு புத்தகத்தை எடுத்து வந்து, “வாசிங்க” என்றாள். வாசித்தேன். இரண்டாவது வரியில் ஒரு நீளமான சொல்லில் தடுக்கினேன். அவள் விரலை அந்தச் சொல்லின் அடியில் வைத்து, சிறப்பாசிரியர் அவளுக்குச் சொல்வதைப்போலவே, “பிரிச்சுப் பாருங்கப்பா” என்றாள்.

இப்போது அவளுக்கு 12. வாசிப்பு மெதுவாகத்தான் இருக்கிறது, எழுத்துப்பிழைகள் நிறைய. பாடங்களை ஒலிவடிவில் கேட்கிறாள், தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கிறது. அலை இன்னும் வருகிறது, போன மாதம்கூட வந்தது. இரவு படுக்கும் முன் ஒரு கதைப்புத்தகம் வாசிக்கிறோம், முறை வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம். அதற்கு டைமர் கிடையாது, தவறு திருத்துவதும் கிடையாது. நேற்று 41-ஆம் பக்கத்தில் நிறுத்தினோம். இன்று நான் தொடங்க வேண்டும்.